பின்பக்கம் ஓடும் செயின்



பத்துப் பதினைந்து வயதான பிஎம்டபிள்யூ 520டி கார் இன்று புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்கே கிடைக்கிறது. சென்னையிலேயே அசெம்பிள் செய்த வண்டி என்று விற்பவர் சொல்வார். அதுவும் உண்மைதான். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் திறந்த ஆலையில் முதலிலிருந்தே 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களை அசெம்பிள் செய்து வருகிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வண்டியின் விலை இறங்கிவிடும், அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. அதனால் வாங்க நினைப்பவர் தோல் இருக்கையைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால், பானெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே இருப்பது, பெரும்பாலான பழைய 520டி, 320டி கார்களில், என்47 என்ற டர்போ டீசல் இன்ஜின். 2007-இல் வந்தது. நான்கு சிலிண்டர், 1995 சிசி, அலுமினிய பிளாக். முதலில் 177 குதிரைத்திறன், பிறகு 184. டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் இரண்டரை பார். இந்த இன்ஜினில் டீசல் பீய்ச்சப்படும் அழுத்தம் 1,800 பார். இவ்வளவு பெரிய காரை இவ்வளவு சின்ன இன்ஜின் இழுத்துக்கொண்டு போவதும், அதற்குக் குறைவாகவே டீசல் குடிப்பதும் எனக்கு இன்றும் மதிப்புக்குரிய வேலைதான்.

இதன் பேர்போன நோய் டைமிங் செயின். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை மேலே உள்ள கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோய், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது இந்தச் செயின். பல இன்ஜின்களில் அது முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்தார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. ஃப்ளைவீல் இருக்கும் அந்தப் பக்கம் அதிர்வு குறைவு. முன்பக்கம் இன்ஜினின் உயரம் குறைந்தால் பானெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடம் கிடைக்கும், கார் மோதினால் பாதசாரியின் தலைக்கு அடி குறையும். நல்ல யோசனைதான். 2014-இல் வந்த அடுத்த தலைமுறை பி47 இன்ஜினிலும் செயின் பின்பக்கமே இருக்கிறது. ஆகவே குறை இடத்தில் இல்லை. 2011 தொடக்கம் வரை வந்த இன்ஜின்களில் செயினும் அதைத் தாங்கும் பாகங்களும் சீக்கிரம் தேய்ந்தன. தேய்ந்த செயின் பழைய சைக்கிள் செயினைப் போல நீண்டு தொய்யும். தொய்ந்தது ஒருநாள் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், அத்தோடு இன்ஜின் போயிற்று.

அறுவதற்கு முன்பே மாற்றலாம். ஆனால் செயின் பின்பக்கம் இருப்பதால், மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தையே இன்ஜினை இறக்கணும் என்பதுதான். செயினை ஓட்டும் பல்சக்கரம் பழைய இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒன்றாகவே செய்யப்பட்டது. அந்தப் பற்களும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும்.

இது சொல்லாமல் வரும் நோய் இல்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதும், 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மெல்ல ஏற்றும்போதும், டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கரகரவென்று உரசும் ஓசை வரும். டீசல் என்றால் அப்படித்தான் சார் சத்தம் போடும் என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பாட்டுப் பெட்டியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு சுவரோரமாக ஓட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, ஆயில். இந்தக் காரின் கணினி, ஓட்டத்தைப் பொறுத்து, 25,000 கிலோமீட்டர் வரைகூட ஆயில் மாற்றச் சொல்லாமல் இருக்கும். ஐரோப்பிய நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் காருக்கு அது பொருந்தலாம். மே மாத வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் நின்று நின்று ஊரும் காருக்குப் பொருந்தவே பொருந்தாது. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது! டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. என் உறுதியான கருத்து: 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். லாங்லைஃப்-04 என்ற அங்கீகாரம் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். விலை குறைந்த ஆயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு டர்போவின் விலையில் சிறு பங்குகூட இல்லை. நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தினால், அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். சூடான டர்போவுக்குள் தேங்கும் ஆயில் கருகாமல் இருக்கும்.

மூன்றாவதைச் சொல்ல தென்கொரியாவுக்குப் போக வேண்டும். அங்கே 520டி மிக அதிகமாக விற்ற வெளிநாட்டுக் கார்களில் ஒன்று. 2018 கோடையில் அந்தக் கார்கள் சாலையில் ஓடும்போதே அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. ஜூலையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. ஆகஸ்டில், சோதனை செய்யாத கார்கள் சாலைக்கே வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. சில வாகன நிறுத்துமிடங்கள் பிஎம்டபிள்யூவை உள்ளே விடவே மறுத்தன. அக்டோபரில் திரும்ப அழைப்பு உலகம் முழுக்க 16 லட்சம் கார்களாக விரிந்தது. குறையை மறைத்துத் தாமதித்ததாக அந்த டிசம்பரில் கொரிய அரசு நிறுவனத்துக்கு 1,120 கோடி வொன் அபராதம் விதித்தது.

தீக்குக் காரணம் இஜிஆர் கூலர் என்ற சிறு பாகம். மாசைக் குறைப்பதற்காகப் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவார்கள். அதற்கு முன் அந்தப் புகையைக் கூலன்ட் நீரால் குளிர்விப்பது இந்தக் கூலர். அதில் விரிசல் விட்டால் கூலன்ட் கசிந்து, படிந்திருக்கும் கரியோடு கலந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சூடான புகை பாயும்போது அது கனன்று, பிளாஸ்டிக் இன்டேக் குழாயைப் பொசுக்கிவிடும்.

இப்படிப்பட்ட கசிவு தரையில் சொட்டாது, உள்ளேயே எரிந்துவிடும். வெளியே தெரியும் அடையாளம் கூலன்ட் மட்டம் குறைவதுதான். அதனால் மாதம் இருமுறை, இன்ஜின் ஆறியபின், கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். கீழே ஈரமே இல்லாமல் மட்டம் இறங்கினால், தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாங்கப் போகும் வண்டி என்றால், அந்தத் திரும்ப அழைப்பில் அடங்கியதா, வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனம் அங்கீகரித்த சர்வீஸ் மையத்தில் கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் காரை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரைக்கும் மட்டுமே ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டம் அவ்வளவுதான் என்றால் பெட்ரோல் காரே உங்களுக்கு ஏற்றது.

பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய பில்கள் இருக்கும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வண்டியை, பில்லே இல்லாத அறுபதாயிரத்தைவிட நான் நம்புவேன். நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் விலை பேசாதீர்கள். நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.