பேரம் பேசலாம், கடிதம் வாங்குங்கள்

கிரெடிட் கார்டு கடனில் சிக்கித் திணறும் செம்பூர் நேயர்களே, "கையில் இருப்பதை மொத்தமாகத் தருகிறேன், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று வங்கியிடம் கேட்பது கைநீட்டுவது ஆகாது. வாராக்கடனுக்காகக் கோர்ட்டுக்கு அலைவதைவிட இன்று வருகிற பணம் வங்கிக்கும் நல்லதுதான்; சமரசத் தீர்வுக்கென்றே ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 'அப்படியானால் ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா?' என்பீர்கள். இல்லை, இந்தச் சலுகைக்கும் விலை உண்டு. சிபில் அறிக்கையில் கணக்கு 'குளோஸ்டு' ஆகாமல் 'செட்டில்டு' என்று பதிவாகும். நாளை வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அது குறுக்கே நிற்கும். எனவே முழுதாகக் கட்ட முடிந்தவர் கட்டிவிடுவதே மேல். முடியாதவர் லோக் அதாலத்தையும் நாடலாம். அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு மேல்முறையீடு கிடையாது. ஒன்று மட்டும்: வசூல் ஆள் போனில் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.