நல்ல ஆண்பிள்ளை யார்?

(தொழிலாளர் குடும்பக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாம் என்ன விசாரிக்கிறோம்? குடிக்கிறானா? சம்பளத்தை வீட்டில் கொடுப்பானா? கை நீட்டுவானா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், "தங்கமான பிள்ளை" என்று தாம்பூலம் மாற்றிவிடுகிறோம்.

இம்மூன்றும் அவசியமே. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமான பெண்களில் 100க்கு 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே, அடிக்காதவன் என்பது அற்ப விஷயமல்ல. ஆனால் தீமை செய்யாததோடு நல்லவனின் இலக்கணம் முடிந்துவிடுமா?

மனிதனிடம் இரண்டு வகைப் பலம் உண்டு. ஒன்று, பிறர் மீது செலுத்துவது. அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் குழந்தைகள் பேச்சை நிறுத்தும். மற்றொன்று, தன் மீதே செலுத்துவது. கோபத்தில் நாக்கை அடக்குவது, கொடுத்த வாக்கைக் காப்பது, தன் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்வது, மாற்று அபிப்பிராயத்தைக் காது கொடுத்துக் கேட்பது. முதல் பலம் பயத்தில் நிற்கிறது. பயம் தெளிந்தால் அது சரிந்துவிடும். இரண்டாவது பலத்தை ஒருவராலும் பறிக்க முடியாது.

ஒருவனிடம் இருப்பது எந்தப் பலம்? "முடியாது" என்ற சொல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். "சீட்டுப் பணத்தை உங்கள் தம்பிக்குத் தர முடியாது, பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டும்" என்கிறாள் மனைவி. ஒருவன் கத்துகிறான். இன்னொருவன் கத்துவதில்லை, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த மௌனமும் ஒரு தடிதான்! நல்லவன் உட்கார்ந்து அவளோடு கணக்கைப் பார்க்கிறான். தன் நியாயத்தைச் சொல்கிறான், அவள் நியாயத்தையும் கேட்கிறான். இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்.

"அப்படியானால் பெண்டாட்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வீட்டில் தலையாட்டிவிட்டு டீக்கடையில் முணுமுணுப்பவனும், தாயிடம் ஒன்று மனைவியிடம் ஒன்று பேசுபவனும் சமாதானப் பிரியர்கள் அல்ல. பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்கள்.

பணத்தைப் பூட்டி வைத்து ஆட்டிப் படைப்பதும் கொடுமையே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அடி உதையோடு வசைச் சொல்லையும் பொருளாதாரக் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே வரையறுத்திருக்கிறது.

வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே 100க்கு 26 பேர்தான்! அடுப்படியில் கை வைத்தால் ஆண்மை கரைந்துவிடுமா?

மேஸ்திரி "வாயை மூடு" என்றால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. அதே சொல்லை நாம் வீட்டில் சொன்னால், கேட்பவருக்கு மட்டும் வலிக்காதா? மூலையில் உட்கார்ந்து பாடம் படிக்கும் பையன் அதையும் சேர்த்துப் படிக்கிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே தாய்மார்களே, அடுத்த முறை வரன் பார்க்கும்போது நாலாவதாக ஒரு கேள்வியும் கேளுங்கள்: "முடியாது என்று சொன்னால் பிள்ளை என்ன செய்வான்?" தோழர்களே, அந்தக் கேள்விக்கான பதிலை இன்றிரவே நம் வீட்டில் நாம் காட்டத் தொடங்குவோம்!