பந்தயத்தில் ஜெயிப்பது குதிரைத்திறனே!

நான் வாணியம்பாடியில இருந்து வர்றேன். தோலுக்குப் பேர் போன ஊர். எங்க அப்பா டேனரியில டிரம் ஓட்டினவர்.

டிரம்னா பெரிய மரப்பீப்பாய். உள்ளே தண்ணியும் தோலுமா அவ்வளவு பாரம். அதை ஒரு சின்ன மோட்டார் உருட்டும். எப்படி? மோட்டாரோட வேகத்தைப் பெல்ட்டும் பல்சக்கரமும் குறைச்சு, சுழற்றும் பலமா மாத்திக் கொடுக்கும். அந்தப் பலத்துக்குத்தான் டார்க்குன்னு பேரு. டார்க் மட்டும் போதும்னா, எங்க அப்பாவோட டிரம்மை இருங்காட்டுக்கோட்டை ரேஸ்ல விட்டா முதல் பரிசு வாங்கணுமே! (சிரிப்பு)

ஐயா, கியர் டார்க்கைப் பெருக்கும். குதிரைத்திறனைப் பெருக்குற கியர் இந்த உலகத்துலேயே கிடையாது! (கைதட்டல்)

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் பந்தயத்துல ஜோர்டான் காரை ஓட்டினார். அதுல 3 லிட்டர் டொயோட்டா எஞ்சின். அதோட டார்க், பெரிய சரக்கு லாரியோட டார்க்குல பாதிகூட வராது. ஆனா நிமிஷத்துக்கு 18,000 சுற்றைத் தாண்டும். அதனாலதான் அத்தனை குதிரைத்திறன்.

எதிரணி அண்ணன், 2006-ல பிரான்ஸ் நாட்டு லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல ஆடி டீசல் கார் ஜெயிச்சதைச் சொன்னார். டார்க் 1,100 நியூட்டன் மீட்டர்னார். சரிதான். 650 குதிரைக்கு மேல இருந்ததை ஏன்ணே மறைச்சீங்க? (கைதட்டல்)

வளைவுல இருந்து வெளியே வர்றப்ப, குறைஞ்ச சுற்றுலேயே டார்க் கிடைச்சா கார் சட்டுனு கிளம்பும். ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு அர்த்தம், அந்தச் சுற்றுலேயே குதிரைத்திறன் வந்துடுச்சு என்பதுதான்.

கடைசியா ஒண்ணு. டார்க்கையும் சுற்றையும் பெருக்கினா வர்றதுதான் குதிரைத்திறன். பெருக்கல்ல ஒண்ணு பூஜ்யமானா விடையும் பூஜ்யம். எங்க அப்பா முப்பது வருஷம் ஒரே இடத்துல பாரம் சுமந்தவர். நான் மெக்கானிக்கல் டிப்ளமா சேர்ந்தப்ப, ‘பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?’ன்னு தெருவே கேட்டது. அவர் பதில் பேசலை. ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டினார். இன்னிக்கு நான் வேகமா பேசறேன்னா, இந்த வேகத்தை அவரோட பலம்தான் பெருக்கியிருக்கு. (பலத்த கைதட்டல்)

அப்பாவுக்கு என் நன்றி. ஆனா தீர்ப்பு மட்டும் எங்க அணிக்கு வேணும், ஐயா! (சிரிப்பு)