யாப்பும் காயில் கட்டும்



1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை எழுந்தது. இவ்வட்டாரத்தில் பட்டறைகள் பெருகின; எரிந்துபோன மோட்டாருக்குக் 'காயில் கட்டுவோரும்' பெருகினர். நம் இலக்கணம் யாப்பு என்பதும் கட்டுதலையே அன்றோ?

பழைய டிரில்லிங் மெஷின் ஒன்றின் மோட்டார் கருகி வருகிறது. தேர்ந்த தொழிலாளி உடனே கம்பியை அறுத்து எறிவதில்லை. முதலில் இணைப்பை வரைந்துகொள்கிறார். பிறகு ஒரு காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணுகிறார். கம்பியின் கனத்தை அளக்கிறார். சுற்றுகள் குறைந்தால் மின்னோட்டம் மிகுந்து மோட்டார் சுடும். சுற்றுகள் மிகுந்தால் இழுவை குறையும். கணக்கு கைக்கு வந்த பின்பே பள்ளங்களைத் துடைத்து, காப்புத் தாளிட்டு, புதிய செம்புக் கம்பியைக் கட்டி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துகிறார். கம்பி புதிது, கணக்கு பழையது.

மரபைக் காப்பதா, களைவதா என்னும் வழக்கு கவிதை அரங்குகளில் நெடுநாளாக நடந்து வருகிறது. களைபவர் எண்ணிப் பார்த்துவிட்டுக் களையட்டும். எண்ணாமல் எறிந்த கணக்கை மீட்பது அரிது. காப்பவரும் கருகிய கம்பியைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம்; அதனால் இனி எதுவும் சுழலாது.