நான் சிபாரிசு பண்ண ஒரு புத்தகம்

"எனக்கு சயின்ஸ் பேக்கிரவுண்ட் இல்ல ப்ரோ, எந்த புக்ல ஆரம்பிக்கலாம்?"னு நிறைய மெசேஜ் வருது. சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் சொதப்பின கதை ஒண்ணு இருக்கு.

மேத்யூ வாக்கர் எழுதின ‘ஒய் வி ஸ்லீப்’ புத்தகத்தை முன்னாடி ஒரு எபிசோட்ல ஆஹா ஓஹோன்னு புகழ்ந்திருந்தேன். 2017-ல வந்த புக். எழுதினவர் பெர்க்லி பேராசிரியர், நடை அப்படியே இழுத்துட்டுப் போகும். படிச்ச வேகத்துல அம்மாகிட்டயும் லெக்சர் எடுத்தேன். அம்மா முப்பது வருஷமா காலைல நாலரைக்கு எழுந்து, சமைச்சு வெச்சுட்டு, ட்ரெயின் பிடிச்சு வேலைக்குப் போனவங்க. "தூக்கம் குறைஞ்சா கேன்சர் ரிஸ்க் டபுளுக்கு மேல ஆகுமாம்மா"ன்னு நான் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ராத்திரி ஒரு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்தா, அம்மா ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. "தூங்கணும்னு நினைச்சாலே தூக்கம் வர மாட்டேங்குதுடா. இத்தனை வருஷம் தூங்காததுக்கு ஏதாவது வந்துடுமா?"ன்னு கேட்டாங்க.

அப்புறம்தான் தேடினேன். 2019-லயே அலெக்ஸி குஸேன்னு ஒருத்தர் அந்தப் புத்தகத்தோட முதல் அத்தியாயத்தை வரி வரியா செக் பண்ணி, அந்த கேன்சர் கணக்கு உட்பட பல விஷயங்களுக்கு ஆதாரம் போதாதுன்னு எழுதியிருக்கார். அதைத் தொடர்ந்து இன்னொண்ணும் வெளியே வந்துச்சு. தூக்கம் குறையக் குறைய விளையாட்டுல காயம் கூடும்னு காட்ட ஒரு கிராஃப் போட்டிருப்பார் வாக்கர். மூல ஆய்வுல 5 மணி நேரம் தூங்கினவங்களுக்கும் ஒரு பார் இருக்கு. 6 மணி நேரக்காரங்களைவிட அவங்களுக்குக் காயம் கம்மி. புத்தகத்துல அந்த பாரையே காணோம்! தூக்கம் முக்கியம் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஆபீஸ்ல நான் இப்படி ஒரு டெஸ்ட் ரிசல்ட்டைத் தூக்கிட்டு ரிப்போர்ட் கொடுத்தா கோட் ரிவ்யூலயே கிழிச்சுடுவாங்க.

அதுக்கப்புறம் ஒரு புக் எடுத்தா நான் தேடுற விஷயமே மாறிடுச்சு. "இது நமக்கு எப்படித் தெரியும்? முன்னாடி எங்க தப்பு பண்ணோம்?" இதைச் சொல்ற புக்தான் எனக்கு வேணும்.

அந்த வகையில என்னோட முதல் சிபாரிசு, சித்தார்த்தா முகர்ஜியோட ‘தி எம்பரர் ஆஃப் ஆல் மேலடீஸ்’. 2010-ல வந்தது, புற்றுநோயோட வரலாறு. தலையணை சைஸ்தான், பயப்படாதீங்க. இதுல ஹால்ஸ்டெட்னு ஒரு அமெரிக்க சர்ஜன் வர்றார். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோட சேர்த்து நெஞ்சுத் தசையையும் வெட்டி எடுத்தவர். நிறைய வெட்டினா நல்லா குணமாகும்னு பல பத்தாண்டுகளா எல்லாரும் நம்பினாங்க. 1971-ல பெர்னார்ட் ஃபிஷர் குழு 1,600-க்கும் மேற்பட்ட பெண்களை வெச்சு ட்ரையல் ஆரம்பிச்சாங்க. உயிர் பிழைக்கிறதுல அந்தப் பெரிய ஆபரேஷனால கூடுதல் பலன் ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுது. அத்தனை பெண்கள் சும்மாவே அந்த வலியைத் தாங்கியிருக்காங்க. அந்த அத்தியாயத்தை முடிச்சுட்டு புக்கை மூடி வெச்சுட்டேன், ரெண்டு நாள் தொடல.

நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லப்பிரகட சுப்பாராவும் இதுல வர்றார். அவர் குழு தயாரிச்ச மருந்தைத்தான் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காலேஜ்ல எனக்கு யாரும் இவரைப் பத்திச் சொன்னதே இல்ல.

அவ்வளவு பெரிய புக் வேண்டாம்னா, டாவா சோபெல் எழுதின ‘லாங்கிட்யூட்’. குட்டி புக். நடுக்கடல்ல கப்பல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, ஜான் ஹாரிசன் கடிகாரத்தை வெர்ஷன் வெர்ஷனா மாத்தி மாத்திச் செஞ்ச கதை. ஆனா வானியலாளர் மாஸ்கலைனை கிட்டத்தட்ட வில்லனாவே காட்டியிருப்பாங்க. அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் உஷாரா படிங்க.

டேனியல் கானமனையும் சொல்லணும். ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’வுல பிரைமிங் பத்தின அத்தியாயம் ஆட்டம் கண்டதும், சின்னச் சின்ன ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிட்டேன்னு 2017-ல அவரே ஒத்துக்கிட்டார். நோபல் வாங்கின மனுஷன்!

பழைய எபிசோடை நான் அழிக்கல. ஆரம்பத்துல ஒரு நிமிஷம் திருத்தம் பேசிச் சேர்த்திருக்கேன். அம்மாகிட்டயும் உட்கார்ந்து விளக்கினேன். "அப்போ அந்த புக்கை எடைக்குப் போட்டுடவா?"ன்னாங்க. வேண்டாம்மா, ஷெல்ஃப்லயே இருக்கட்டும்னேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.