துன்னமும் துறைக்குறிப்பும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒட்டுப்போர்வை. ஆங்கிலத்தில் குவில்ட் என்பார்கள். இலக்கிய மேடையில் போர்வைக்கு என்ன வேலை என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. போர்வையைச் சொல்லிப் பாட்டைத்தான் பேசப்போகிறேன். பாட்டை யார் பாடினார், அதை நாம் எப்படி மதிப்பிடுகிறோம், பரிசு கொடுத்தபின் பாடியவரை என்ன செய்கிறோம் என்பவையே என் வினாக்கள்.

பல நிறத் துணித்துண்டுகளை இணைத்த முகத்துணி மேலே, பஞ்சுப் படலம் நடுவே, உள்துணி கீழே. இம்மூன்று அடுக்கையும் ஊடுருவி ஓடும் தையல்தான் அவற்றைப் போர்வையாக்குகிறது. குளிருக்கென்று பிறந்த இப்பொருள் இன்று சுவரில் தொங்கவிடப்பட்டுப் பரிசு பெறுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1970களில் தொடங்கிய ஒட்டுப்போர்வை விழா உலகப் புகழ் பெற்றது. நம் சென்னையிலும் 2019 ஜனவரியில் இந்திய ஒட்டுப்போர்வை விழா ஒன்று நடைபெற்றது.

இத்தகைய கண்காட்சிகளில் இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, நடுவர்கள் கையின் திறத்தை நோக்குவது. தையல் ஒரே சீராக ஓடுகிறதா, துண்டுகளின் முனைகள் ஒன்றையொன்று பிசகாமல் சந்திக்கின்றனவா, ஓரம் கோணாமல் தொங்குகிறதா, வண்ணங்கள் இசைகின்றனவா என்று பார்ப்பார்கள். பல போட்டிகளில் செய்தவர் பெயர் நடுவருக்குக் காட்டப்படுவதில்லை. இரண்டாவது, பார்வையாளருக்கென ஒவ்வொரு போர்வைக்கும் அருகில் ஒரு சிற்றட்டை வைப்பது. போர்வையின் தலைப்பு, செய்தவர் பெயர், அளவு, அதைச் செய்யத் தூண்டியது எது என்பவை அதில் இருக்கும். பரிசுபெற்ற போர்வையின்முன் நிற்பவர்கள் ஒரு கண்ணால் துணியையும் மறு கண்ணால் அட்டையையும் பார்க்கிறார்கள். அவர்கள் வியப்பது தையலையா, அதன் பின்னுள்ள கதையையா? தமிழ் படித்த நமக்கு இவ்வினா புதிதன்று. அதற்கு வருமுன் தையலைப் பற்றி நம் முன்னோர் கூறியதைச் சற்றே காண்போம்.

தைத்தலுக்குரிய பழந்தமிழ்ச் சொல் துன்னம். புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள் துன்னகாரரையும் சேர்த்துக்கொள்கிறார். துணியாலும் நெட்டியாலும் பல பொருள் செய்வோரையும் மறவாமல் குறிக்கிறார். ஆனால் சங்கப் பாடல்களில் துன்னம் பெரும்பாலும் வறுமையின் அடையாளமாகவே வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணச் செல்லும் பொருநன் உடுத்தியிருப்பது வியர்வையில் நனைந்து, வேற்றிழை நுழைந்து தைக்கப்பட்ட கந்தை. மன்னன் அதனைக் களைந்து, பாம்பின் தோலையொத்த மெல்லிய ஆடையை உடுத்துகிறான். புறநானூற்றுப் புலவர் ஒருவரோ தம் கந்தையின் தையல் இடுக்குகளில் குடியேறிய பேன்களையே தம் பகைவர் என்று பாடுகிறார். தைத்த துணி களையப்படவேண்டியது. தையலில்லாத துணியே கொடை. இதுவே நம் புரவலர் மரபு.

அக்கந்தையைத் தைத்தவர் யார்? வேற்றிழையைத் தேடி எடுத்து, கிழிசலின் இரு கரையையும் சேர்த்து, இன்னும் ஓராண்டு உழைக்கும்படி அதனைச் செய்த கை யாருடையது? பாடினியின் கையாக இருக்கலாம். பாட்டு அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை.

நூற்றவர் நிலையும் அதுவே. பருத்திப் பெண்டு என்று புறநானூறு சுட்டுகிறது. ஆளில்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை உவமையாக்குகிறது. கணவன் இல்லாத வீட்டில் கதிர் சுழன்றால்தான் உலை கொதிக்கும் என்ற செய்தி அவ்வுவமைக்குள் ஒளிந்திருக்கிறது. பனுவல் என்ற ஒரே சொல் பஞ்சுக்கும் பாட்டுக்கும் பெயராயிற்று. புலவனை நூற்கும் பெண்ணாகவும் சொல்லைப் பஞ்சாகவும் உருவகம் செய்து, நூலுக்கு அப்பெயர் வந்த காரணம் கூறியது நன்னூல். நம் உறையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பு, அர்கரு என்ற உள்நாட்டு ஊரின் மெல்லிய துணிகளைப் பேசுகிறது. அவ்வூர் உறையூரே என்பர் ஆய்வாளர் பலர். ஊரின் பெயர் கடல் கடந்தது. நூற்றவள் பெயர் தெரு முனையைக்கூடக் கடக்கவில்லை.

இனி, கடல் கடந்த இரு பெண்களின் கதையைக் கூறுகிறேன்.

ஹாரியட் பவர்ஸ் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வையொன்றை 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரின் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதனை விலைக்குக் கேட்டபோது, விற்பதற்கில்லை என்றார் பவர்ஸ். சில ஆண்டுகள் கழிந்தன. குடும்பத்தில் நெருக்கடி வந்தது. அவரே போர்வையை எடுத்துச் சென்றார். கேட்ட விலை பத்து டாலர், கிடைத்தது ஐந்து. கொடுத்துவிட்டுப் போகுமுன் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கதையை விளக்கிச் சொன்னார், ஸ்மித் எழுதிக்கொண்டார். பின்னரும் பலமுறை அவ்வீட்டிற்கு வந்து தம் போர்வையைப் பார்த்துச் சென்றாராம். பிறந்த பெண்ணைப் புகுந்த வீட்டில் காண வரும் தாயைப்போல என்று நாம் சொல்லத் தோன்றும். அப்போர்வை இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கைவண்ணத்தில் எஞ்சிய மற்றொன்று பாஸ்டன் நகரில் உள்ளது. அதில் 1833ஆம் ஆண்டு வானிலிருந்து விண்மீன்கள் மழையாய்ப் பொழிந்த இரவைத் தைத்திருக்கிறார். அது அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன் நிகழ்ந்தது. பாட்டன்மார் சொல்லக் கேட்ட அச்சம் துணியில் வந்து அமர்ந்திருக்கிறது. ஸ்மித்தின் குறிப்பு இல்லையென்றால் முதற் போர்வையின் கட்டங்களில் பாதியை நாம் தவறாகப் படித்திருப்போம்.

இரண்டாமவர் மிசௌரி பெட்வே. அலபாமா மாநிலத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த ஜீஸ் பெண்ட் அவருடைய ஊர். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே வாழும் அரங்கத்தார்க்கு அந்நிலத்தின் தனிமை எளிதில் விளங்கும். அங்கே பலர்க்கும் பெட்வே என்ற பெயர். அது அவர்களுடைய முன்னோரை அடிமை கொண்டிருந்த பருத்தித் தோட்ட முதலாளியின் பெயர். கணவர் இறந்தபின் 1942இல் மிசௌரி, அவர் வயலில் உடுத்திய வேலை உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அன்போடு போர்த்துக்கொள்ளவும் தாய் அதைச் செய்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதில் பூவில்லை, கிளியில்லை. வெளுத்துப்போன நீலமும் பழுப்புமாக நீண்ட துண்டுகள், முழங்கால் தேய்ந்த இடம் தெரிகிறது, கறை தெரிகிறது. 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கிலும் காட்சிக்கு வந்தபோது உலகம் வியந்தது. 2006இல் அவை அஞ்சல் தலைகளாயின. ஆனால் 2007இல், தம் உழைப்பின் பயன் தமக்கு உரியவாறு வந்து சேரவில்லை என்று அவ்வூர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றத்தை நாடியதையும் சொல்லவேண்டும். வழக்குகள் மறு ஆண்டு முடித்துக்கொள்ளப்பட்டன. புகழ் வந்த வழியே பங்கும் வந்துவிடும் என்பது உறுதியில்லை.

மிசௌரியின் போர்வையருகே அட்டை இல்லாவிட்டால் நாம் காண்பது சில நீண்ட வண்ணப் பட்டைகள். அட்டையைப் படித்தபின் காண்பது ஒரு கைம்பெண்ணின் கையறுநிலை.

கையறுநிலை என்றதும் உங்களுக்கு நினைவு வருவது எனக்கும் வருகிறது. சென்ற திங்களின் வெண்ணிலாவில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது; இத்திங்களின் வெண்ணிலாவில் இரண்டும் இல்லை என்று ஏங்கும் அந்தச் சிறிய புறப்பாட்டு. பாரி என்ற பெயர் அப்பாட்டில் இல்லை. பறம்பு என்ற பெயரும் இல்லை. பாரி மகளிர் பாடியது என்று நமக்குக் கூறுவது பாட்டின் அடியில் உள்ள குறிப்பு. திணை, துறை, பாடினார், பாடப்பட்டார், பாடிய சூழல் என்று புறநானூற்றின் அடியில் தொகுத்தோர் சேர்த்த குறிப்புகள் ஒட்டுப்போர்வைக் கண்காட்சியின் அட்டைகளே அல்லவா? பெயரே கிடைக்காதபோதும் நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பாட்டின் தொடரையே எடுத்துப் பாடியவர்க்குப் பெயராகச் சூட்டினார்கள். பெயரில்லாமல் எவரையும் அவையைவிட்டு அனுப்பக்கூடாது என்ற அறம் அது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் எண்ணவேண்டும். அட்டைக்கு ஒரு தீங்கு உண்டு. கோணலான தையலையும் உருக்கமான கதை மறைத்துவிடும். நம் கவியரங்குகளில் நான்கு அடிக் கவிதைக்கு நாற்பது அடி முன்னுரை கேட்டிருக்கிறோம். எந்தச் சூழலில் எழுந்தது, எத்தனை இரவு உறங்கவில்லை என்று கவிஞர் சொல்லச் சொல்ல அவை நெகிழ்கிறது. கவிதை வந்து சேரும்போது கைதட்டல் முன்பே முடிந்திருக்கிறது. பாரி மகளிரின் பாட்டு குறிப்பின்றியும் நிற்கும். தந்தையை இழந்த எவரும் அதைத் தமதாக உணர்வர். குறிப்பு அத்துயரத்துக்கு ஊரும் பெயரும் தருகிறது, துயரத்தை உண்டாக்கவில்லை. மிசௌரியின் போர்வையும் அப்படியே. முழங்கால் தேய்ந்த இடத்தை ஒளிக்காமல் நடுவே வைத்த கலைக்கண், அட்டைக்கு முன்பே துணியில் இருக்கிறது.

எனவே என் கருத்து இது. முதலில் துணி, பிறகு அட்டை. மதிப்பிடும்போது பெயர் வேண்டாம். மதிப்பிட்டபின் பெயர் இல்லாமல் இருக்கக்கூடாது. இவ்விரண்டில் ஒன்றைமட்டும் கொண்டால் அநீதி. பெயர் பார்த்துப் பரிசளித்தால் புதியவர்க்கு அநீதி. பரிசளித்தபின் பெயரை விட்டால் உழைத்தவர்க்கு அநீதி.

இந்திய மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. வங்கத்துக் காந்தாவும் நம் கந்தையும் உறவுச் சொற்கள். பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பது காந்தா. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் மானதசுந்தரி தாசி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று உள்ளது. அதில் தம் பெயரையும் தாமே தைத்துவிட்டார். பிறர் அட்டை எழுதுவார் என்று அவர் காத்திருக்கவில்லை. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்னும் போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்வார்கள். இறுதியில் நான்கு மூலையிலும் பூ என்று பெயரிட்ட சிறு ஒட்டுகளை வைப்பார்கள். அப்பூக்கள் இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு ஆடையின்றி நிற்கும் போர்வை.

நம் ஊருக்கு வருகிறேன். கைசிக ஏகாதசி இரவில் திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 ஆடைகள் சாற்றப்படுகின்றன. இசையால் இறைவனைப் பாடிய நம்பாடுவான் என்ற எளிய பாணனின் கதை வாசிக்கப்படும் இரவும் அதுவே. துணியும் பாட்டும் ஒருசேர நினைக்கப்படும் இரவு வேறெங்கேனும் உண்டோ, அறியேன். காவிரிக்கரைத் தேர்களை நோக்குங்கள். சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாகத் துணி வெட்டி, யாளியும் அன்னமும் தாமரையும் ஒட்டித் தைத்த தொம்பைகளும் சீலைகளும் தேரைச் சுற்றி அசைகின்றன. ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். அத்தொம்பைக்கு நடுவர் இல்லை, பரிசு இல்லை, அட்டையும் இல்லை. அதைத் தைத்தவர் பெயரை இவ்வவையில் ஒருவராவது அறிவோமா?

பத்தாண்டு நிறைந்த வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் கவிதைப் போட்டியில் நடுவர்க்குப் பெயரில்லாத படிகளே செல்லட்டும். கவியரங்கில் கவிதை முன்னும் விளக்கம் பின்னுமாக வரட்டும். மூன்றாவதே எனக்கு முதன்மையானது. அடுத்த தேர்த்திருவிழாவிற்குச் செல்லும் கவிஞர் ஒவ்வொருவரும் தேர்ச்சீலை தைத்தவர் ஒருவரையேனும் தேடிச் செல்லுங்கள். எந்த வடிவத்தை யாரிடம் கற்றார், எந்தப் பூவைத் தாமே சேர்த்தார், ஒரு தொம்பைக்கு எத்தனை நாள், என்ன கூலி என்று கேளுங்கள். அவர் இசைந்தால் பெயரோடு எழுதி வாருங்கள். வட்டத்தின் அடுத்த மலரில் உங்கள் கவிதைக்குப் பக்கத்தில் அக்குறிப்பும் அச்சேறட்டும். புறநானூற்றைத் தொகுத்தவர்கள் புலவர்க்குச் செய்த அப்பணியைத் துன்னகாரர்க்கு நாம் செய்வோம்.