குழந்தைக்கு எத்தனை சதுர அடி?



காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு எத்தனை சதுர அடி இடம் வேண்டும் என்பது, மேலோட்டமாகப் பார்த்தால், கட்டடப் பொறியாளரின் கேள்வியாகத் தோன்றும். இந்தியத் தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றில் அது வர்க்கக் கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. ஆலைக்குள் தறி நிற்கும் இடம் முதலாளிக்கு லாபம் தருகிறது. தொட்டில் தொங்கும் இடம் லாபம் தருவதில்லை. ஆகவே தொட்டிலுக்கான இடம் ஒருபோதும் தானாகக் கிடைத்ததில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள், கைக்குழந்தைக்கு அபின் கொடுத்து உறங்க வைத்துவிட்டு வேலைக்குச் சென்றனர். தொழிலாளர் நிலை குறித்த ராயல் கமிஷன் 1931இல் அளித்த அறிக்கையிலேயே இந்த அவலம் பதிவாகியுள்ளது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், குழந்தைகளுக்கு அறை ஒதுக்குமாறு விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976இல் இந்த வரம்பு 30 ஆகக் குறைக்கப்பட்டது.

அச்சட்டத்தின்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் இடத்தின் அளவைத் தெளிவாகச் சொல்லின. ஒரு குழந்தைக்குக் குறைந்தது 20 சதுர அடித் தரைப்பரப்பு, 12 அடி உயரமுள்ள அறை, நிழலோடு கூடிய விளையாட்டுத் திடல், குழந்தைகளுக்குப் பால், தாய் வந்து பாலூட்ட இடைவேளை ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. பல ஆலைகளில் இவை காகிதத்திலேயே நின்றன என்பது உண்மை. பெண்களின் எண்ணிக்கையை முப்பதைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்ட முதலாளிகளும் உண்டு. எனினும் தொழிற்சங்கம் சுட்டிக்காட்டி வாதாட, சட்டத்தில் ஓர் அளவு இருந்தது.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், ஆண் பெண் வேறுபாடின்றி 50 பேர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்கும் உரிமையையும் அளித்தது. இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்களே. ஆனால் அச்சட்டத்திற்காக ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், குழந்தை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி போதும் என்கின்றன. எழுபது ஆண்டுகளில் நாட்டின் செல்வம் பன்மடங்கு பெருகியிருக்கிறது. குழந்தைக்கான இடமோ ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது.

இதன் பொருளை எளிய கணக்கில் காணலாம். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பாய் எட்டு சதுர அடியை அடைத்துக்கொள்ளும். பத்து சதுர அடியில் பாய் போக எஞ்சுவது இரண்டு சதுர அடி. தவழும் குழந்தை எங்கே தவழும்? காய்ச்சல் கண்ட குழந்தையை எங்கே தனியே படுக்க வைப்பது? தீப்பிடித்தால் பணியாளர் எந்த வழியாகக் குழந்தைகளை வெளியே தூக்கிச் செல்வார்?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பழைய தொழிற்சாலைச் சட்டத்தை அகற்றிவிட்டன. இப்போது மொத்தப் பணியாளர் எண்ணிக்கையே அளவுகோல். இதன் விளைவாக, 45 பேர் வேலை செய்து அவர்களில் 35 பேர் பெண்களாக உள்ள ஆலை, முன்பு இருந்த கடமையிலிருந்து விடுபடுகிறது. ஆய்வாளர் என்ற பதவியும் ‘ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்’ என்று மாற்றப்பட்டுவிட்டது. யாருக்கு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆலைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். தனியார் காப்பகங்களுக்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் உரிமச் சட்டம் எதுவும் இல்லை. வயலிலும் கட்டுமானத்திலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் பெண்களுக்கு அங்கன்வாடியே கதி. 1975இல் தொடங்கிய அத்திட்டத்தில் இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ளன. அவை சில மணி நேரமே இயங்குகின்றன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை நாள் முழுதும் விட்டுச்செல்ல அங்கு வழியில்லை. காப்பகத்தோடு இணைந்த அங்கன்வாடிகளுக்கான ‘பால்னா’ திட்டத்தின் இலக்கே 17,000 மையங்கள்தான். அதாவது நூற்றுக்கு இரண்டு கூட இல்லை.

இட அளவைக் கடுமையாக்கினால் சிறு காப்பகங்கள் மூடப்படும், ஏழைப் பெண்களே பாதிக்கப்படுவர் என்ற வாதம் எழுப்பப்படுகிறது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. வாடகை உயர்ந்து நிற்கும் நகரத்தில் பொது நிதியின்றி விதியை மட்டும் போட்டால் அதுதான் நடக்கும். அதற்குத் தீர்வு, குழந்தைகளை நெருக்கியடிப்பதன்று. இடத்திற்கும் ஊழியருக்கும் அரசு செலவிடுவதே. அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். குழந்தையின் இடத்தைச் சுருக்கும் அதே கைதான் அவர்களைக் கவனிக்கும் பெண்ணின் ஊதியத்தையும் சுருக்குகிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. புதிய சட்டத் தொகுப்புகளின்கீழ் மாநில விதிகளில் குழந்தைக்கு 20 சதுர அடி என்ற அளவு மீண்டும் கட்டாயமாக இடம்பெற வேண்டும்; சமையலறையும் கழிப்பறையும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது. முப்பது பெண்கள் என்ற பழைய வரம்பும் தொடர வேண்டும். ஒவ்வொரு காப்பகத்தின் வாசலிலும் தரைப்பரப்பு, அனுமதிக்கப்பட்ட குழந்தைகள், பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாய்மொழியில் எழுதிய பலகை வைக்கப்பட வேண்டும். ஆய்வில் பெற்றோரும் தொழிற்சங்கமும் பங்கேற்க வேண்டும். அங்கன்வாடிகள் கூடுதல் ஊழியர்களுடன் முழுநேரக் காப்பகங்களாக வேண்டும்.

காப்பகம் உள்ள ஒவ்வோர் ஆலையிலும் சங்கக் கிளை அளவு நாடாவோடு சென்று அறையை அளந்து, குழந்தைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். காப்பகமே இல்லாத இடத்தில் அதையும் பதிவு செய்யட்டும். அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில், பஞ்சப்படிக் கோரிக்கைக்கு அடுத்த வரியாக அந்தக் கணக்கு இடம்பெற வேண்டும்.